வாக்குறுதி பிடிக்கும் பெட்டி

அந்தக் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோனபோது யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. இயந்திரம் என்றால் கெடத்தான் செய்யும். கெட்டால் சரிசெய்ய வீட்டு வாரியம் இருக்கிறது. வாடகையோடு சேர்த்து ‘மின்தூக்கிப் பராமரிப்பு’ என்று மாதாமாதம் ஒரு தொகை பிடிக்கிறார்கள். லிஃப்ட் நின்ற பிறகும் அந்தப் பிடித்தம் நிற்கவில்லை. சொல்லப்போனால் அந்தக் கட்டடத்தில் ஒழுங்காக மேலே ஏறிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

ஐந்தாவது மாடியில் ஒரு தையல்காரி குடியிருந்தாள். அவள் கணவன் கட்டடங்களுக்கு வண்ணம் அடிக்கிற பெயின்டர். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள் என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் அவனை ‘ஏணி’ என்று கூப்பிட்டார்கள். சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய், சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் அவனை விடவில்லை. பட்டப்பெயருக்கு இங்கிதம் தெரியுமா என்ன?

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் லிஃப்டில் ஏறித்தான் வீட்டுக்கு வந்தான். வந்து கொஞ்ச நாளில் லிஃப்ட் நின்றது. அதன் பிறகு மருத்துவரிடம் போவதென்றால் ஆள் பிடித்து, நாற்காலியோடு படிக்கட்டு வழியாகத் தூக்கிப் போக வேண்டும். ஒருமுறை தூக்கினார்கள், சரியாகப் போனது. அடுத்த முறை மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒருவனுக்குக் கை வழுக்கியது. நாற்காலி சுவரில் மோதி நின்றதால் பிழைத்தான். அன்றோடு ஏணி, “இனிமே வேண்டாம்” என்று சொல்லிவிட்டான்.

சன்னலோரம் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

“அப்படி என்னதாங்க பாக்கறீங்க?” என்று அவள் கேட்டாள்.

“சுவத்தைத்தான். பட்டி பூசிச் சமம் பண்ணாமலே பெயின்ட் அடிச்சிருக்கான், வேலைக்கள்ளன். ஒரு மழைக்குத் தாங்காது, உரிஞ்சிரும் பாரு.”

மழை வந்தது, உரிந்தது. அதையும் அவன் அங்கே உட்கார்ந்தபடியேதான் பார்த்தான்.

தையல்காரி வாரியத்துக்கு நடையாய் நடந்தாள். கால் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அங்கே வாசலில் நிற்கிற காவலாளிதான் வழி சொன்னார். “இங்க அலைஞ்சு ஒண்ணும் ஆகாதும்மா. மாசம் ஒரு தடவை வாரியத் தலைவரே டிவியில வராரு. ‘தலைவரோடு ஒரு மாலை’ன்னு. போன் போட்டுச் சொல்லிருங்க. அவரு வாயால வந்துட்டா யாரும் மறுக்க முடியாது.”

அந்த நிகழ்ச்சி பொது ஒளிபரப்பில் வருவது. கேபிள்காரர்கள் அந்தச் சேனலைத் தருவதில்லை, கேட்பவர்கள் இல்லையாம். ஆனால் பேசுவதற்குத் தொலைபேசி போதுமே. அவள் பலமுறை முயன்று, இணைப்புக் கிடைத்து, நடந்ததைச் சொல்லி முடித்தாள். தலைவர் உருகிப்போனார்.

“அம்மா, உங்க குரலைக் கேக்கறப்ப என் கூடப்பிறந்த தங்கச்சி பேசற மாதிரியே இருக்கு. இந்த மாசம் முடியறதுக்குள்ள அந்த லிஃப்ட் ஓடும். இது என் வாக்கு.”

கைதட்டல் கேட்டது. அந்த அரங்கில் தலைவரையும் கேமராக்காரரையும் தவிர யாரும் கிடையாது. ஆனாலும் கைதட்டல் கேட்டது.

மாதம் முடிந்தது. லிஃப்ட் ஓடவில்லை. தையல்காரி மறுபடி வாரியத்துக்குப் போனாள். இந்தத் தடவை அவளை ‘வாக்குறுதிச் சரிபார்ப்புப் பிரிவு’ என்ற புது அறைக்கு அனுப்பினார்கள். அங்கே சோர்ந்த முகமும் இஸ்திரி கலையாத சட்டையுமாக ஓர் அதிகாரி இருந்தார்.

“தலைவரே டிவியில சொன்னாருங்க சார்.”

“எந்தத் தலைவர்?”

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த படத்தை அவள் காட்டினாள். அவர் திரும்பி, அந்தப் படத்தை முதல்முறை பார்ப்பவரைப் போலப் பார்த்தார்.

“சொல்லியிருப்பாரும்மா. தங்கமான மனுஷன், யார் கேட்டாலும் சொல்லுவாரு. அதுக்காகத்தான் இந்தப் பிரிவையே ஆரம்பிச்சோம். அவர் சொல்ற வேகத்துக்கு நாங்க செய்ய முடியுமா? சொன்னது எது, சொல்லாதது எதுன்னு பிரிக்கறதுக்கே இங்க ஆள் பத்தலை.”

“லிஃப்டைச் சரி பண்றதுக்கு ஆள் இருக்காங்களா சார்?”

“இருந்தாங்க. அவங்களைத்தான் இந்தப் பிரிவுக்கு மாத்திட்டாங்க. நானே லிஃப்ட் இன்ஜினியர்தான்.”

அவர் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, தலைவர் பேசியதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்.

“அடுத்த மாசம் பேசறப்ப பக்கத்து வீட்டுப் பொண்ணை விட்டு செல்லுல படம் எடுத்துட்டு வரட்டுங்களா?”

“செல்லுல எடுத்தது செல்லாதும்மா. டிவியைப் படம் எடுத்தா அது டிவியோட படம். தலைவரோட படம் ஆகாது. ஒளிபரப்பு ஆன்டெனாவுல இருந்து நேரா பதிவுப் பெட்டிக்குள்ள இறங்கியிருக்கணும். நடுவுல மனுஷக் கை படக் கூடாது.”

“அப்ப சேனல்காரங்ககிட்டயே வாங்கிட்டு வரேன்.”

“பேஷா வாங்குங்க.”

சேனலில் ஒரு பெண் மிகவும் தன்மையாகப் பேசினாள். பழைய பாட்டுகள் இருக்கின்றன, பூக்கண்காட்சி இருக்கிறது. தலைவர் நிகழ்ச்சியை மட்டும் அன்றன்றே அழித்துவிடுகிறார்களாம். “அதை வெச்சுக்க வேண்டாம்னு தலைவரே கேட்டுக்கிட்டாருங்க. ரொம்ப அடக்கமானவர்.”

இப்படித்தான் தையல்காரி, ஆன்டெனாவோடு இணைத்து ஒளிபரப்பைப் பதிவு செய்கிற பெட்டியைத் தேடிக் கடைத்தெருவுக்குப் போனாள். மின்சாதனக் கடைக்காரர் அவளிடம் சட்டை அளவு கொடுத்துத் தைத்துக்கொள்பவர். ஏமாற்ற மனமில்லாமல் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

“அக்கா, இதை வாங்கறது கல்யாணம் பண்ற மாதிரி. வாங்கற செலவு ஒரே நாள்ல முடிஞ்சிரும். அப்புறம் இருக்கு பாருங்க. பெட்டி தனி. சேமிக்கிற டிஸ்க் தனி. ஆன்டெனா தனி. என்ன நிகழ்ச்சி எப்ப வருதுன்னு பெட்டிக்குத் தெரியணும்னா அதுக்கு வருஷச் சந்தா.”

“சந்தா கட்டலைன்னா?”

“பெட்டிக்குக் கண்ணு தெரியாது, கடிகாரம் மட்டும் தெரியும். நீங்க சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சு, சொன்ன நேரத்துக்கு நிறுத்திரும். நடுவுல என்ன ஓடுதுன்னு அதுக்குக் கவலை இல்ல.”

“எடுத்ததை வேற எங்கயாவது மாத்திக்கலாமா?”

“ம்ஹும். இந்தப் பெட்டியில எடுத்தது இந்தப் பெட்டியிலதான் ஓடும். டிஸ்க் நிறைஞ்சா, பழசு புதுசுன்னு பாக்காம எதையாவது அதுவாவே அழிச்சிரும். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காது. போதாக்குறைக்கு, ஆன்டெனா சிக்னல் இல்லைன்னா பெட்டி கண்ணே முழிக்காது. இவ்வளவும் கேட்டுட்டு வேணும்னா வாங்குங்க.”

அவளிடம் ஓரம் அடிக்கிற தையல் மெஷினுக்கென்று சேர்த்த பணம் இருந்தது. அந்த மெஷின் வந்தால் பள்ளிச் சீருடைகளை மொத்தமாக எடுத்துத் தைக்கலாம். வீட்டில் கணவனிடம் சொன்னபோது அவன் சன்னலைவிட்டுத் திரும்பினான்.

“பைத்தியமாடி உனக்கு? அந்தக் காசுக்கு நாலு நல்ல ஆளை வெச்சு என்னைத் தூக்கிட்டுப் போலாம்.”

“தூக்கிட்டுப் போலாம். மறுபடி ஏத்தணும். அடுத்த மாசம் மறுபடி இறக்கணும். அது தீரற செலவா? லிஃப்ட் ஓடினா தினமும் போலாம். கடைக்குப் போலாம். சும்மா கீழ போய் உக்காந்துட்டு வரலாம்.”

“ஓடும்னு நம்பறியா நீ?”

“நம்பலை. ஆனா சொல்லவே இல்லைன்னு சொல்றாங்க பாருங்க, அது எனக்கு ஆறலை.”

ஏணி மறுபடி சன்னல் பக்கம் திரும்பினான். “எலிப்பொறி வாங்கற மாதிரி வாக்குறுதிப் பொறி வாங்கப் போறே,” என்றான். “வாங்கு. ஆனா எலி பொறிக்குள்ள வந்தாலும் எலிதான்.”

அவள் வாங்கிவிட்டாள். சந்தா மட்டும் கட்டவில்லை. அத்தனைக்கும் பணம் எட்டவில்லை.

ஆன்டெனாவை மொட்டைமாடியில் வைக்க வாரியத்திடம் அனுமதி கேட்டாள். லிஃப்ட் இயந்திர அறை மொட்டைமாடியில் இருப்பதால், லிஃப்டின் பாதுகாப்பு கருதி அங்கே யாரையும் விட முடியாது என்று பதில் வந்தது. ஆகவே சன்னலில் வைத்தார்கள். படம் மணலை வாரி இறைத்ததுபோல் வந்தது. இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கடைசியில் ஆன்டெனாவின் கால் ஏணியின் சக்கர நாற்காலியில் பட்டபோது படம் பளிச்சென்று தெளிந்தது. இரும்பு நாற்காலிக்கும் ஆன்டெனாவுக்கும் என்ன உறவோ, யார் கண்டது? எடுத்தால் மணல், பட்டால் தெளிவு.

“நிகழ்ச்சி முடியற வரைக்கும் அசையாம இருக்கணும் நீங்க.”

“அசையாம உக்கார எனக்கு நீ சொல்லித் தரணுமா?” என்றான். அவன் சிரித்தது பல மாதங்களில் அதுதான் முதல் தடவை. அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

அந்த மாத நிகழ்ச்சியில் அவளுக்கு மீண்டும் இணைப்புக் கிடைத்தது. தலைவருக்கு மீண்டும் தங்கை நினைவு வந்தது. பெட்டி சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்துப் பதிவு செய்தது. மறுநாள் அவள் பெட்டியை ஒரு கையிலும் ஆன்டெனாவை மறு கையிலும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஆன்டெனா இடித்ததற்காக மூன்று பேர் திட்டினார்கள். கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் போட்டார்.

வாரியத்தில் தலைவரின் புகைப்படங்களை மட்டும் காட்டிக்கொண்டிருந்த டிவியில் பெட்டியை இணைத்தார்கள். ஆன்டெனாவை அதிகாரியின் இரும்பு மேசையில் சாய்த்ததும் பெட்டி கண் விழித்தது. படம் ஓடியது. தலைவர் வரவேற்றார், தன் இளமையைப் பற்றிப் பேசினார், தான் பட்ட கஷ்டங்களைப் பற்றிப் பேசினார், நிகழ்ச்சியின் பெரும்பகுதி அதிலேயே போனது. கடைசியில் தையல்காரியின் குரல் வந்தது. தலைவர் கேமராவை நோக்கிக் குனிந்தார்.

“அம்மா, கவலையை விடுங்க. உங்க லிஃப்டை இந்த மாசமே நாங்க சரி…”

திரை கறுத்தது. சொன்ன நேரம் முடிந்ததும் பெட்டி நிறுத்திவிட்டது.

அதிகாரி அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“வினைச்சொல் இல்லையேம்மா.”

“என்னங்க சார்?”

“நம்ம பாஷையில வினை கடைசியிலதான் வரும். ‘சரி செய்வோம்’னு சொல்லியிருக்கலாம். ‘சரி செய்ய மாட்டோம்’னும் சொல்லியிருக்கலாம். ‘சரி செஞ்சாச்சு’ன்னுகூடச் சொல்லியிருக்கலாம், அப்படின்னா வேலையே முடிஞ்சுபோச்சு. வினை இல்லாத வாக்கை வெச்சு நான் என்ன வினை பண்றது?”

“சரி செய்ய மாட்டோம்னு யாராவது டிவியில சொல்லுவாங்களா சார்?”

“எங்க தலைவர் உண்மையே பேசறவர்மா. எதையும் சொல்லுவாரு.”

கடைக்காரரிடம் போய்ச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். முடியும் நேரத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னார். “அந்த ஆள் எவ்வளவு நேரம் பேசினாலும் பிடிக்கிற அளவுக்கு வெச்சிருங்க. ஆனா அதுக்கு டிஸ்க்குல இடம் வேணும். வேற எதுவும் வெச்சிருந்தா அழிச்சிருங்க, இல்லைன்னா முதல்ல இதைத்தான் முழுங்கும்.”

வேறு இருந்தது. பெட்டி வந்ததிலிருந்து ஏணிக்கு ஒரு பழக்கம் தொற்றியிருந்தது. அந்தச் சேனலில் பிற்பகல் வேளைகளில் கடலைப் பற்றிப் படம் போடுவார்கள். மீன், பாசி, அலை, பேச்சே இல்லாமல் அரைமணி நேரம் தண்ணீர் மட்டும். அதையெல்லாம் பதிவு செய்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். அவளே மெஷினை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுண்டு. அந்த மாத நிகழ்ச்சிக்கு முன்னால் அவன் ரிமோட்டை எடுத்து ஒவ்வொன்றாக அழித்தான்.

“ஒண்ணு மட்டும் வெச்சுக்கோங்களேன்,” என்றாள்.

“வேண்டாம். ரெண்டுக்கும் இடம் இல்ல.”

கடலை அழித்துவிட்டுத் தலைவருக்கு இடம் கொடுத்தார்கள்.

இந்தத் தடவை தலைவர் நேரம் தாண்டிப் பேசியும் பெட்டி விடாமல் பிடித்தது. “சரி செய்வோம். இது உறுதி” என்ற வார்த்தைகள் முழுசாக, வினையோடு, உறுதியோடு உள்ளே விழுந்தன. பெட்டியோடும் ஆன்டெனாவோடும் தையல்காரி வந்து நின்றதைப் பார்த்த அதிகாரி, பெட்டியைத் தொடாமலே அதன் அடிப்புறத்தில் ஒட்டியிருந்த சின்ன எழுத்துகளைக் குனிந்து வாசித்தார்.

“ ‘வீட்டு உபயோகத்துக்கு மட்டும்’னு போட்டிருக்கும்மா. இதை ஆபீஸ்ல போட்டா பொதுக் காட்சி ஆயிடும். போன தடவை தெரியாம பாத்துட்டோம். அதுக்கே எனக்கு விளக்கம் கேட்டிருக்காங்க.”

அவளுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார நாற்காலி இல்லை. “அப்ப நீங்க எங்க வீட்டுக்கு வந்து பாருங்க சார்,” என்றாள். கோபத்தில் வாய்தவறி வந்த வார்த்தை அது. அதிகாரி முகம் மலர்ந்தது.

“அப்படிப் பண்ணலாமே! அதுக்கு விதி இடம் குடுக்குது.”

மூன்று பேர் கொண்ட குழு வந்தது. லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள். பிறகு ஐந்து மாடியும் ஏறினார்கள். கூட வந்த பெரிய அதிகாரி நான்காவது மாடியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேலே வந்து சேர்ந்ததும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவு உயரத்துல ஏம்மா வீடு எடுத்தீங்க?” என்று அக்கறையோடு கேட்டார்.

“நீங்கதாங்க ஒதுக்கினீங்க,” என்றான் ஏணி.

“ஓ.”

டீ குடித்தார்கள். ஏணி ஆன்டெனாவை நாற்காலியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். தலைவரின் இளமையை முழுதும் பார்த்தார்கள், கஷ்டங்களுக்குத் தலையசைத்தார்கள். “சரி செய்வோம்” வந்தபோது மூவரும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்கள். பெரிய அதிகாரி எழுந்து நின்றார்.

“ரொம்ப நல்லா இருக்கும்மா. நான் இத்தனை வருஷ சர்வீஸ்ல இவ்வளவு தெளிவான ஒரு வாக்குறுதியைப் பார்த்ததில்ல. சத்தம் தெளிவு, படம் தெளிவு. இதை வாரியம் ஏத்துக்குது.”

“அப்ப லிஃப்ட்?” என்றாள் தையல்காரி.

“வாக்குறுதியை ஏத்துக்குது. லிஃப்ட் அடுத்த கட்டம்.”

ஆனாலும் காரியம் நடந்தது. இப்படி ஒரு பதிவு ஒரு வீட்டில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்ததும் தலைவர் அலுவலகத்துக்குச் சூடு பிடித்துவிட்டது. ‘வாக்கு நிறைவேறும் மாலை’ என்று நேரடி ஒளிபரப்பு விழாவே அறிவித்தார்கள். வாசலில் பந்தல் போட்டார்கள். ஒளிபரப்பு வண்டி வந்தது, ஜெனரேட்டர் லாரி வந்தது. பக்கத்துக் குடியிருப்பில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டின் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே பொருத்தினார்கள். அங்கே குடியிருந்தவர்கள் சன்னலில் நின்று, தங்கள் மோட்டார் படி ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழா அன்று தையல்காரி கணவனுக்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டுவிட்டாள். ஆன்டெனாவைத் தையல் மெஷினின் இரும்புக் காலோடு கட்டி, பெட்டியில் நேரம் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. இறங்கும்போது ஏணி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மெதுவாத்தான் போகுது,” என்றாள்.

“போகட்டும். எனக்கு என்ன அவசரம்?”

கீழே கதவு திறந்ததும் வெளிச்சத்தில் கண் கூசியது. தலைவர் ஓடிவந்து ஏணியின் கையைக் குலுக்கினார். நாடாவை வெட்டினார். மைக்கைப் பிடித்தார்.

“இந்த வாரியம் வாக்குக் குடுக்கறதுல என்னைக்கும் பின்வாங்கினது இல்ல. போன வருஷம் குடுத்ததைப்போல ரெண்டு மடங்கு இந்த வருஷம் குடுத்திருக்கோம். அடுத்த வருஷத்துக்கான வாக்குகளைக்கூட இப்பவே குடுத்து முடிச்சிட்டோம். சில பேர் கேக்கறாங்க, இத்தனை நாள் ஏன் லிஃப்ட் ஓடலைன்னு. நான் கேக்கறேன், லிஃப்ட் நிக்காம இருந்திருந்தா இன்னிக்கு இந்த விழா நடந்திருக்குமா? இந்தச் சகோதரரை நான் சந்திச்சிருப்பேனா? மேல போறது எவ்வளவு பெரிய விஷயம்னு எனக்குத் தெரியும். நான் அடிமட்டத்துல இருந்து மேல வந்தவன்…”

அதிலிருந்து இளமைக்குப் போனார். இளமையிலிருந்து கஷ்டங்களுக்குப் போனார். பேச்சு முடிந்ததும் தலைவரும் ஏணியும் ஒன்றாக லிஃப்டில் மேலே போவதாக நிகழ்ச்சி. ஆனால் கஷ்டங்கள் முடிவதற்குள் ஒளிபரப்பு நேரம் முடிந்துவிட்டது. கேமரா விளக்குகள் அணைந்தன. தலைவர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, மைக்கைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார்.

ஜெனரேட்டர் நின்றது. லிஃப்டுக்குள் விளக்கு போனது. கருவிகளோடு இரண்டு பேர் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் மோட்டாரைக் கட்டித் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார்கள்.

தையல்காரி அதிகாரியைப் பாய்ந்து பிடித்தாள். “சார், என்ன சார் இது? கழட்டிட்டுப் போறாங்க! இவரை மேல எப்படிச் சார் கொண்டுபோறது?”

“அது இரவல் மோட்டார்மா. அங்க ஜனங்க காத்திருக்காங்கல்ல?”

“ஓடும்னு சொன்னாரே!”

“ஓடிச்சே. ஓடும்னார், ஓடிச்சு. ஓடிக்கிட்டே இருக்கும்னு அவர் சொல்லலையே. சந்தேகம்னா உங்க பெட்டியில போட்டுப் பாருங்க. ஆமா, இன்னிக்குப் பதிவு பண்ணியிருக்கீங்கல்ல?”

“பண்ணியிருக்கேன்,” என்றாள் அவள், ஒன்றும் புரியாமல்.

“ரொம்ப நல்லது. லிஃப்ட் ஓடறதுக்கு ஆதாரம் உங்க வீட்டுலயே இருக்கு. புகாரை முடிச்சிடறேன்.”

அவர் போய்விட்டார். அக்கம்பக்கத்து ஆண்கள் கூடி, நாற்காலியை யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று பேச ஆரம்பித்தார்கள். ஏணி கையை உயர்த்தினான்.

“இருங்கப்பா. யாரும் தொடாதீங்க.”

“பயப்படாதீங்கண்ணே, பிடிச்சுக்குவோம்.”

“பயம் இல்ல. மேல போயிட்டா அப்புறம் எப்ப இறங்கறது? ஏய், என்னைத் தெருமுனை வரைக்கும் தள்ளு.”

அவள் தள்ளினாள். பழக் கடையைத் தாண்டி, சலூனைத் தாண்டிப் போய், திரும்பி வருகையில் எதிர்க் கட்டடத்தின் முன்னால் நிறுத்தச் சொன்னான். எட்டிச் சுவரைத் தொட்டான். நகத்தால் சுரண்டினான். வண்ணம் செதில் செதிலாகக் கையோடு வந்தது. “சொன்னேன்ல?” என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் பார்க்காததுபோல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

அன்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி, தரைத்தளத்தில் கதவு திறந்தபடி செத்துக் கிடந்த லிஃப்டுக்குள் நாற்காலியைத் தள்ளினாள். உள்ளே ஈரம் இல்லை, காற்றும் அடிக்கவில்லை. ஒரு நாள் இருந்து பார்ப்போம் என்று மேலிருந்து பாயும் போர்வையும் கொண்டுவந்தாள். ஒரு நாள் பல நாளானது. குளிக்கவும் கொல்லைக்குப் போகவும் தரைத்தளத்து வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்காமல் இடம் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் சுளித்தார்கள், அப்போதும் கொடுத்தார்கள். தையல் மெஷினையும் கீழே இறக்கிவிட்டாள். மாடி ஏறச் சோம்பி வராமலிருந்த வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினார்கள். பதிவுப் பெட்டியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தாள். பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். “இதுக்கு மேல முடியலைக்கா” என்று அவர்தான் தலைகுனிந்தார்.

மேல்வீட்டுக்கு வாடகை போய்க்கொண்டிருந்தது. மின்தூக்கிப் பராமரிப்பும் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மழை நாளில் அந்த அதிகாரி வந்தார். குடை மடங்கிச் சட்டை நனைந்திருந்தது. உள்ளே ஒதுங்கி நின்று, பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். லிஃப்டுக்குள் குடியிருந்து அதன் இயக்கத்துக்கு இடையூறு செய்வதாக அவர்கள்மேல் வாரியம் நடவடிக்கை எடுக்கப் போகிறதாம்.

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். “நாங்க வெளிய வந்துட்டா இது ஓடுமா சார்?”

“அது வேற விஷயம்மா. இப்ப ஆவணப்படி லிஃப்ட் ஓடிக்கிட்டு இருக்கு. நீங்க உள்ள இருக்கறதால நிக்குது. நீங்க வெளிய வந்தும் ஓடலைன்னா, புதுசா ஒரு புகார் குடுக்கலாம். ஆதாரம் வேணும். அந்தப் பெட்டி இருக்குல்ல?”

“வித்துட்டேன்.”

“அடடா,” என்றார். உண்மையாகவே வருந்தினார். “நல்ல பெட்டியாச்சே.”

தாளை எங்கே ஒட்டுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பொத்தான்களுக்கு மேலே ஒட்டினார். ஈரக் கையால் ஐந்தாம் எண் பொத்தானை ஒருமுறை அழுத்தியும் பார்த்தார், பழைய இன்ஜினியர் பழக்கம். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே மழை வலுத்தது. போகவும் முடியாமல், நிற்கவும் கூசி, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏணி தன் பக்கத்திலிருந்த துணி மூட்டையைத் தள்ளி இடம் செய்து கொடுத்தான்.

“உக்காருங்க சார்,” என்றான். “கிளம்பறப்ப சொல்றோம்.”